ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கும் கோப்புகள்: எந்த வழி எந்தக் கடைக்கு?

கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடை. பில் அச்சிடும் பிரின்டருக்கு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக மூன்று முறை போட்டுப் பார்த்தும் பழைய கோளாறு அப்படியே இருக்கிறது என்று அழைத்திருந்தார்கள். கடைக்காரரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு அந்த ஊரில் அதுதான் சொல். போய் உட்கார்ந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்டும் வரியைப் பார்த்தேன். 41 நாள், 6 மணி நேரம், சில்லறை நிமிடங்கள்.

“காக்கா, இதை இரவில் நிறுத்துவதே இல்லையா?”

“என்ன தம்பி இப்படிக் கேட்கிறீர்கள்? ஷட்டரை இறக்கும் முன் தினமும் என் கையால்தான் நிறுத்துகிறேன். கரன்ட் பில் கட்டுவது நான்தானே?”

அவர் சொன்னது பொய்யில்லை. கணினி காட்டியதும் பொய்யில்லை. அது எப்படி என்று சொல்வதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் கோப்பை இன்ஸ்டாலர்கள் எப்படி மாற்றுகின்றன என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு நான்கைந்து வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவில் அலச எனக்குப் பொறுமையில்லை. அதிகம் அலைக்கழித்த வழிக்கு அதிக இடம் தருகிறேன்.

விண்டோஸில் ஒரு நிரல் ஓடும்போது அதன் கோப்பையோ, அது பிடித்து வைத்திருக்கும் டிஎல்எல் என்ற துணைக்கோப்பையோ மேலெழுத முடியாது, அழிக்கவும் முடியாது. பாம்பனில் ஒருவருக்கு இதைப் புரிய வைப்பது எளிது. கடலில் ஓடும் படகின் அடிப்பலகையை யாரும் கழற்றுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, கலப்பத்து அடித்து, வண்ணம் பூசி மறுபடி இறக்குவார்கள். கணினிக்கு அந்தத் தடைக்காலம்தான் ரீஸ்டார்ட்.

முதல் வழி இதையே நம்பியிருக்கிறது. இன்ஸ்டாலர் புதுக் கோப்பை வேறொரு பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, “அடுத்த முறை எழும்போது இதை அதன் இடத்துக்கு மாற்றிவிடு” என்று விண்டோஸிடம் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. மூவ்ஃபைல்எக்ஸ் என்ற கட்டளையில் ‘மறுதொடக்கம் வரை தள்ளிப்போடு’ என்ற குறியைச் சேர்த்தால் அந்தச் சீட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும். அங்கே, கணினி எழும்போது முதலில் வேலை தொடங்கும் செஷன் மேனேஜர் என்ற நிரலுக்குரிய கிளைக்குள் பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ் என்ற பெயரில் அது இருக்கும். நிர்வாகி உரிமை இல்லாமல் எழுத முடியாது. அந்தப் பட்டியலை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். வரிகள் இரண்டிரண்டாக இருக்கும். மேல் வரி இப்போது கோப்பு இருக்கும் இடம், கீழ் வரி போக வேண்டிய இடம். கீழ் வரியின் தலையில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தால், அங்கே ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதலாம் என்று பொருள். கீழ் வரி வெறுமையாக இருந்தால் மேலே சொன்ன கோப்பை அழித்துவிடு என்று பொருள். கணினி எழும்போது, வட்டைச் சோதித்து முடித்த பிறகு, வேறு எந்த நிரலும் எந்தக் கோப்பையும் பிடிக்கும் முன், செஷன் மேனேஜர் இந்தச் சீட்டை எழுதிய வரிசையிலேயே நிறைவேற்றிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடும்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் இதே வேலையை வின்இனிட் என்ற சிறு உரைக்கோப்பு செய்தது. நீண்ட பெயர்களை அந்தக் கட்டத்தில் கணினிக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு என்று சுருக்கித்தான் எழுத வேண்டும். அந்தத் தலைவலி இன்று இல்லை.

நேர்மையான ஏற்பாடு என்றுதான் சொல்வேன். யாருடைய வேலையையும் இடையில் நிறுத்துவதில்லை. சீட்டு வட்டில் இருப்பதால் மின்சாரம் போனாலும் அழிவதில்லை. குறை மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, யாரும் பிடிக்காத கோப்புகள் உடனே மாறிவிடும், பிடிபட்டவை மட்டும் காத்திருக்கும். இடைப்பட்ட நாள்களில் மென்பொருள் பாதி புதிது, பாதி பழையது. மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் கணக்கு மென்பொருள் இப்படித்தான் ஒரு வாரம் கூட்டலைச் சரியாகவும் வரியைத் தப்பாகவும் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது, எழும்போது ஒரு மாற்றம் தவறிப்போனால் திரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது. மூன்றாவது, முந்தைய சீட்டு மிச்சமிருந்தால் அடுத்து வரும் சில இன்ஸ்டாலர்கள் “முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்” என்று வாசலிலேயே நின்றுகொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவல் இதை ஒரு விதியாகவே வைத்துச் சோதிக்கிறது.

இந்த மூன்றும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை, ரீஸ்டார்ட் உண்மையில் நடக்குமானால். காக்காவின் கடையில் நடக்கவில்லை. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதிதான் காரணம். அது இருக்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்த நிரல்கள் மட்டும் மூடப்படும். விண்டோஸின் உட்கரு, அதாவது எல்லாவற்றையும் இயக்கும் மையப் பகுதி, மூடப்படாமல், அப்படியே வட்டில் எழுதிவைக்கப்பட்டுத் தூங்கப் போகும். காலையில் பொத்தானை அழுத்தினால் கணினி புதிதாக எழுவதில்லை. தூக்கம் கலைகிறது, அவ்வளவுதான். செஷன் மேனேஜர் தன் காலை வேலையைத் தொடங்குவதே இல்லை, சீட்டை எடுத்துப் படிப்பதும் இல்லை. ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உட்கருவும் முழுதாக இறங்கி ஏறும். பெயரைப் பார்த்தால் ஷட் டவுன் பெரிய நிறுத்தமாகவும் ரீஸ்டார்ட் சின்ன நிறுத்தமாகவும் தோன்றுகிறது, நடப்பது தலைகீழ். இந்த ஒரு விஷயத்தை எத்தனை கடைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

காக்காவின் பட்டியலைத் திறந்தேன். ஒரே பிரின்டர் கோப்பு மூன்று முறை வரிசையில் நின்றது. மூன்று முறை போட்டார்கள், மூன்று முறையும் சீட்டு எழுதப்பட்டது, ஒரு முறையும் படிக்கப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யுபிஎஸ் இல்லாத கணினியில் திடீர் மின்தடை வந்தால், அது தூங்கப் போக அவகாசமின்றி விழுந்துவிடும். அடுத்து எழுவது முழுமையான எழுச்சி, சீட்டு நிறைவேறிவிடும். புயல் சின்னம் உருவாகி நாலைந்து முறை மின்சாரம் போய் வந்த பிறகு, “கணினி தானாகச் சரியாகிவிட்டது அண்ணே” என்று தங்கச்சிமடத்திலிருந்து போன் வந்திருக்கிறது. வட்டுக்கு அது நல்லதில்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இரண்டாவது வழி, கோப்பைப் பிடித்திருப்பவரைக் கேட்டு விடுவிப்பது. 2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவோடு ரீஸ்டார்ட் மேனேஜர் வந்தது. பெயரில் ரீஸ்டார்ட் இருந்தாலும் கணினியின் ரீஸ்டார்ட்டைத் தவிர்ப்பதுதான் இதன் வேலை. எந்தெந்தக் கோப்புகளை மாற்றப் போகிறேன் என்று இன்ஸ்டாலர் பதிவு செய்தால், அவற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று இது கண்டுபிடித்துச் சொல்லும். நாம் சம்மதித்தால் அந்த நிரல்களையும், திரைக்குப் பின்னால் ஓடும் சேவைகளையும் மூடும்; இன்ஸ்டாலர் கோப்பை மாற்றியதும் மறுபடி திறக்கும். மறுபடி திறப்பதில்தான் சிக்கல். “என்னைத் திரும்ப எழுப்பு” என்று முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட நிரல்கள்தான் திரும்பி வரும். பாதி தட்டிய பில் திரும்ப வருமா என்பது அந்த மென்பொருளை எழுதியவரின் அக்கறையைப் பொறுத்தது. உட்கருவோடு ஒட்டிய சில சேவைகளை இதனால் மூடவே முடியாது. அப்போது முதல் வழிக்கே திரும்ப வேண்டும்.

இருந்தாலும் ஆள் பக்கத்தில் இருந்து நிறுவும் இடங்களில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். வேலை முடிந்ததா இல்லையா என்பது என் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். காக்காவின் பிரின்டருக்கும், முதல் நாளே அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சேவையை நிறுத்திவிட்டு டிரைவரைப் போட்டிருந்தால் பத்து நிமிட வேலை. இது ரீஸ்டார்ட் மேனேஜர் செய்வதையே கையால் செய்வது. ராமேசுவரத்து விடுதி ஒன்றில், ஆடி அமாவாசைக்கு முந்தின மாலை, வரவேற்பறையில் ஆள்கள் வரிசையில் நிற்க, திறந்திருந்த அறைப்பதிவு மென்பொருளை இன்ஸ்டாலர் மூடச் சொன்னபோது மட்டும் ‘பிறகு’ பொத்தானை அழுத்தினேன். அன்றைக்கு அதுதான் சரி.

தொலைவிலிருந்து பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் நிறுவுபவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் இன்ஸ்டாலர் 3010 என்ற எண்ணைத் திருப்பினால் அது தோல்வியில்லை. வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் பாக்கி என்று பொருள். வெற்றிக்கான பூஜ்யம் வரவில்லையே என்று அதைத் தோல்விக் கணக்கில் எழுதி, மறுபடி மறுபடி நிறுவி, பட்டியலை நீட்டிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஓடும் நிரலின் கோப்பை அழிக்கத்தான் முடியாது. அதே வட்டுக்குள் பெயரை மாற்ற விண்டோஸ் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. பழையதற்கு வேறு பெயர் சூட்டி ஒதுக்கிவிட்டு, அதன் பழைய பெயரில் புதியதை வைத்துவிடலாம். ஓடிக்கொண்டிருப்பது பழையதோடு ஓடட்டும். அடுத்து திறக்கும்போது புதியது வரும். க்ரோம் உலாவி இதற்கு நெருங்கிய உறவு: புதுப் பதிப்பைத் தனி எண்ணிட்ட கோப்புறையில் இறக்கி வைத்துவிட்டு, உலாவியை மூடித் திறக்கும்போது மாறிக்கொள்ளும். ஒதுக்கிய பழைய கோப்பை என்ன செய்வது? அதை அழிக்கத்தான் முதல் வழியின் சீட்டு. குப்பை அள்ளும் வேலை 41 நாள் தாமதமானாலும் யாருக்கும் நட்டமில்லை. புதுச் சரக்கை அந்த வரிசையில் நிற்க வைப்பதுதான் தவறு. இன்ஸ்டாலர் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி அலைச்சல் குறையும்.

லினக்ஸ் இந்தச் சிக்கலை வேரிலேயே வேறு விதமாகப் பார்க்கிறது. அங்கே கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயரைப் பிடுங்கி இன்னொரு கோப்புக்குக் கொடுத்துவிடலாம். பழையதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை விடும் வரை அது பெயரில்லாமல் வட்டில் உயிரோடு இருக்கும். டெபியன், உபுண்டு வகைகளில் புதுக் கோப்பு முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, பிறகு ஒரே அடியில் உரிய பெயருக்கு மாறும். பாதி எழுதிய நிலை யார் கண்ணிலும் படாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஓடும் நிரலின் நினைவில் பழைய நூலகம், அதாவது டிஎல்எல் போன்ற துணைக்கோப்பு, அல்லவா இருக்கிறது? 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் புதுப்பித்ததோடு வேலை முடியவில்லை. அதைப் பயன்படுத்திய சேவைகளை நிறுத்தித் தொடங்கும் வரை ஓட்டை திறந்தே இருந்தது. விண்டோஸாவது ‘ரீஸ்டார்ட் வேண்டும்’ என்று நச்சரிக்கும். லினக்ஸ் சத்தமில்லாமல் இருப்பதால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். உட்கரு மாறினால் உபுண்டு ‘ரீபூட் தேவை’ என்று ஒரு சிறு கோப்பை வைத்துவிட்டுப் போகும். போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியும். இதனால்தான் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை, திரையில் பொத்தானை அழுத்திச் செய்யும் மேம்படுத்தலில் ரீஸ்டார்ட் செய்து, வேறெதுவும் ஓடாத நிலையில் மாற்றும் வழியைத் தானே தேர்ந்துகொண்டது. விண்டோஸைக் கேலி செய்யும் லினக்ஸ் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.

கடைசி வழி பலர் கையிலேயே இருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், அந்த வசதி உள்ள கைபேசிகளில் அமைப்புக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதியதை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த தொடக்கத்தில் இடம் மாறும். புதியது எழவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பும். 1914 பாம்பன் பாலத்தின் பக்கத்திலேயே புதுப் பாலத்தைக் கட்டி, 2025 ஏப்ரல் 6 அன்று ரயிலை அதில் விட்டது போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ் பிடித்தோம். கைபேசி அவ்வளவு காக்க வைப்பதில்லை. இந்த வழிக்கு வட்டில் கூடுதல் இடம் வேண்டும். தனித்தனிக் கடை மென்பொருளுக்கு இது உதவாது.

காக்காவின் கடைக்கு வருவோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுகிறேன் என்றேன். கன்ட்ரோல் பேனலில் பவர் பொத்தான்களுக்கான பக்கத்தில் ஒரே ஒரு குறியை எடுத்தால் போதும். அவர் சம்மதிக்கவில்லை. பழைய சுழலும் வட்டுக் கணினி அது. குறியை எடுத்துக் காட்டியபோது, அது எழுந்து நிற்பதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார். எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான வட்டு போட்ட கணினியாக இருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அன்று மட்டும் முழு நிறுத்தமாகும் என்றேன். “அது எனக்கு நினைவிருக்காது தம்பி” என்றார். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. எனவே வியாழன் இரவில் முதலில் ரீஸ்டார்ட், அது எழுந்த பிறகு ஷட் டவுன் என்று துணிக்கு விலை ஒட்டும் ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினோம். எடுத்த குறியைத் திரும்ப வைத்தேன். பிரின்டர் புது டிரைவரோடு முதல் பில்லை அடித்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, டாஸ்க் மேனேஜரை மறுபடி திறந்து பார்த்தேன். மூன்று நாள், பதினைந்து மணி நேரம். அன்று திங்கட்கிழமை.