எண்ணைக் காட்டும் கருவிகள்: பல வருடம் பழகிய பிறகு

கணக்கு சரியாக வந்த பிறகும் நிரலில் ஒரு வேலை பாக்கி இருக்கும். நினைவகத்தில் இருக்கிற எண்ணை ஒருவர் படிக்கக்கூடிய எழுத்துகளாக மாற்ற வேண்டும். எத்தனை தசம இடம், எங்கே காற்புள்ளி, எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று சின்னச் சின்ன முடிவுகள்தான். ஆனால் பயனர் கண்ணில் படுவது அந்த எழுத்துகள் மட்டும்தான். சி, சி++, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று பல மொழிகளில் இந்த வேலையை வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உருவான கருத்துகள் இவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் ஓடுகிற கணினியின் மொழி அமைப்பை, அதாவது எண்ணை எந்த நாட்டு வழக்கப்படி எழுதுவது என்று சொல்லும் லொகேலைப் பார்த்துத் தானாக நடத்தையை மாற்றிக்கொள்ளும் கருவியை நம்ப முடியாது. நான் கேட்டால் மட்டும் மாற்றுகிற கருவிதான் பல வருடம் தொந்தரவில்லாமல் ஓடும்.

சி மொழியில் மதிப்புகளை அச்சிடும் பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷனில் இருந்து தொடங்குவோம். அகலம், துல்லியம், முன்னால் பூஜ்ஜியம் நிரப்புவது எல்லாம் ஒரே குறியில் அடங்கிவிடும். பிஎச்பி, ஜாவா, கோ என்று பின்னால் வந்த மொழிகளும் அதே குறிமுறையை எடுத்துக்கொண்டன என்றால் அதன் வசதி புரியும். ஒருமுறை கற்றுக்கொண்டால் எங்கே போனாலும் கைகொடுக்கும். அதன் பலவீனம், குறியும் கொடுத்த மதிப்பின் வகையும் பொருந்தாவிட்டால் சி மொழியில் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் எச்சரிக்கையை அணைக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே அனுப்பும் சி++ இன் பழைய ஸ்ட்ரீம் முறை எனக்குக் கடைசி வரை ஒத்துவரவில்லை. அகலம் குறிப்பிட்டால் அது அடுத்த ஒரு மதிப்புக்கு மட்டும்தான். துல்லியமோ, 16 ஐ அடியாக வைத்து எண்ணை எழுதும் பதினாறடிமான முறையோ குறிப்பிட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஏதோ ஒரு ஃபங்ஷன் பதினாறடிமானத்துக்கு மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போனால், பிறகு அச்சாகும் 16 என்ற எண் 10 என்று வந்து நிற்கும். பார்ப்பவருக்கு அது தப்பு என்றே தோன்றாது. விக்டர் சுவெரோவிச் எழுதிய எஃப்எம்டி லைப்ரரியும், அதிலிருந்து சி++20 தரத்துக்குள் வந்த ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்டும் இந்தத் தலைவலியைத் தீர்த்தன. வகை சரிபார்ப்பு கம்பைல் நேரத்திலேயே நடக்கிறது. மொழி அமைப்பைக் கேட்டால் ஒழிய அது தொடுவதில்லை. நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கு இதுதான் நல்ல உதாரணம்.

மொழி அமைப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஜெர்மனில் தசமக் குறி காற்புள்ளி, ஆயிரங்களைப் பிரிப்பது புள்ளி. நாம் 1,234.56 என்று எழுதுவது அங்கே 1.234,56. ஜாவாவின் ஸ்ட்ரிங் ஃபார்மேட்டுக்கு லொகேலைத் தனியாகக் கொடுக்காவிட்டால் கணினியின் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டிலும் எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக மாற்றினால் அதே கதைதான். உருவாக்கியவர் கணினியில் 3.14 என்று வந்தது, இன்னொருவர் கணினியில் 3,14 என்று வரும். திரையில் வந்தால் பரவாயில்லை, அவருக்கு அதுதான் வழக்கம். அதே வரி காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்புக்குள் போனால் ஒரு நெடுவரிசை இரண்டாகப் பிளந்துவிடும்.

சி மொழியில் இது இன்னும் மறைவாக நடக்கும். நிரல் தொடங்கும்போது நடுநிலையான அமைப்பில்தான் இருக்கும், புள்ளிதான் வரும். பிறகு ஏதோ ஒரு வரைகலை லைப்ரரி உள்ளே போய் லொகேலை மாற்றிவிடும். அந்த நொடியிலிருந்து பிரிண்ட்எஃப் காற்புள்ளி எழுதத் தொடங்கும். நம் நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது! அதனால் இப்போதெல்லாம் எண்ணை எழுத்தாக்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இதைப் படிக்கப் போவது மனிதரா, இன்னொரு நிரலா என்பதுதான். நிரல் என்றால் புள்ளி, பிரிப்பான் இல்லை, முழுத் துல்லியம். மனிதர் என்றால் அவருடைய வழக்கம். இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனைப் பயன்படுத்த நான் யாரையும் விடுவதில்லை.

மனிதருக்கு என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர்ஃபார்மேட்டுக்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு மொழியின் எழுதும் வழக்கங்களையும் தொகுத்து யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தரவுத்தளத்தின் விவரங்கள் அதன் பின்னால் இருக்கின்றன. தமிழ் என்று சொன்னால் 12,34,567 என்று பிரிக்கும். கேட்டுக்கொண்டால் ௧௨,௩௪,௫௬௭ என்று தமிழ் எண்களிலும் தரும். ஸ்பானிஷில் நான்கு இலக்க எண்ணைப் பிரிக்காமல் விட்டு, ஐந்து இலக்கத்தில் இருந்துதான் பிரிக்கும். இந்த மாதிரி வழக்கங்களை நாமே எழுதிப் பராமரிப்பது வீண் வேலை. ஒரே ஒரு கவனம்: ஒவ்வொரு எண்ணுக்கும் புதிதாக ஒரு ஃபார்மேட்டரை உருவாக்கினால் நீண்ட பட்டியலில் மந்தமாகிவிடும். ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று, இதன் விடையை, நிரலைச் சோதிக்க எழுதும் டெஸ்ட்டில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடக் கூடாது. பிரெஞ்சில் ஆயிரங்களைப் பிரிப்பது பார்க்க இடைவெளி மாதிரி இருக்கும், ஆனால் அது வரி உடையாத குறுகிய இடைவெளி என்ற தனி எழுத்து. ஸ்பேஸ் பாரைத் தட்டி எழுதிய டெஸ்ட் தோற்கும், ஏன் தோற்றது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தரவுத்தளம் புதிய பதிப்புக்குப் போகும்போது இவை மாறவும் செய்யும்.

அன்றாட வேலைக்கு என் கை தானாகப் போவது எழுத்துத் தொடருக்குள்ளேயே மதிப்பைப் பொருத்தும் பைத்தானின் எஃப்-ஸ்ட்ரிங்குக்கு. 3.6 பதிப்பில் வந்தது. எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் வடிவமும் இருப்பதால் நிரலைப் படிக்கிறவர் மேலும் கீழும் தேட வேண்டியதில்லை. காற்புள்ளி ஒன்றைச் சேர்த்தால் ஆயிரங்களைப் பிரித்துக் கொடுக்கும், எந்தக் கணினியில் ஓடினாலும் அதே விடை. லட்சம், கோடி முறையில் பிரிக்க மட்டும் அதில் நேர்வழி இல்லை. அது எனக்கு உண்மையான குறை.

தசமங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் அங்கேதான். 0.1 என்று எழுதினாலும் 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமானத்தில் சேமிக்கப்படுவது அதைவிடக் கொஞ்சம் பெரிய எண், 0.1000000000000000055 என்று நீளும். பழைய பைத்தான் 0.1 ஐ 0.10000000000000001 என்று காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அப்போதைய வழி 17 இலக்கம் எழுதிவிடுவது, ஏனென்றால் எந்த எண்ணையும் பிசகாமல் மீட்க அது போதும். 2009 இல் வந்த 3.1 பதிப்பில் இருந்து, திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கும்படியான மிகக் குறுகிய வடிவத்தைத் தேடிக் காட்டுகிறது. கை ஸ்டீல், ஜான் ஒயிட் இருவரும் 1990 இல் இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னார்கள். 2018 இல் உல்ஃப் ஆடம்ஸ் வெளியிட்ட ரியூ முறை அதை மிக வேகமாகச் செய்கிறது. சாதாரணமாக 0.1 என்று திரையில் வருவதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் ரவுண்டிங் என்று வரும்போது அந்த மறைந்திருக்கும் இலக்கங்கள் வெளியே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 1.005 ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 1.00 தான் வரும், 1.01 வராது. சேமிக்கப்பட்ட எண் 1.005 ஐவிடத் துளி சிறியது, அவ்வளவுதான். பைத்தானில் 2.5 ஐ முழு எண்ணாக்கினால் 2, 3.5 ஐ முழு எண்ணாக்கினால் 4. சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் போகும் முறை அது. ஜாவாவின் டெசிமல்ஃபார்மேட்டும் இயல்பாக அதே முறைதான். பணக் கணக்கு என்றால் எண்ணைத் தசமமாகவே சேமிக்கும் தசம வகையை எடுத்து, ரவுண்டிங் முறையை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். காட்டும்போது சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால் கூட்டுத்தொகை இடிக்கும்.

மைனஸ் பூஜ்ஜியமும் இதோடு சேர்ந்ததுதான். -0.001 ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் பல மொழிகளில் -0.00 என்று வரும். பயனர் அதைப் பார்த்து ஏதோ குறைகிறது என்று நினைப்பார். பைத்தான் 3.11 இல் இதற்கென்றே ஒரு தெரிவு சேர்த்தார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுவரிசையாக எண் காட்டுகிறவர்களுக்கு: வலப்பக்கம் ஒதுக்குங்கள், தசம இடத்தை ஒரே அளவில் வையுங்கள். வலைப்பக்கம் என்றால், அதன் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எல்லா இலக்கத்துக்கும் சம அகலம் தரும் அமைப்பு ஒன்று உண்டு, எழுத்துரு ஆதரித்தால் ஒரே வரியில் வேலை முடியும். கட்டளை தட்டும் முனையத்தில் தமிழ்த் தலைப்போடு எண் காட்டுவது வேறு சங்கதி. பிரிண்ட்எஃப் பைட்டுகளை எண்ணுகிறது. தொகை என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு குறியெண், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். இருபது இடம் கேட்டால் எட்டு இடைவெளிதான் போடும். பைத்தான் குறியெண்களை எண்ணிப் பதினாறு போடும். இரண்டிலுமே நெடுவரிசை நேராக நிற்காது. நான் எண்ணை முதல் நெடுவரிசைக்கு மாற்றிவிட்டு, தமிழ்த் தலைப்பைக் கடைசியில் வைக்கிறேன்.

அப்புறம், புதிய லைப்ரரி எது வந்தாலும் ஒரே எண்களைக் கொடுத்துத்தான் சோதிக்கிறேன். பூஜ்ஜியம், -0.001, 0.0000001, 2.5, 1.005, 9007199254740993, 999999, எண் அல்லாதது, முடிவிலி. 999999 ஐ ஆயிரத்துக்குச் சுருக்கச் சொன்னால் சில லைப்ரரிகள் 1000 ஆயிரம் என்று காட்டும், நல்லவை ஒரு மில்லியன் என்று அடுத்த அலகுக்குத் தாவும். 9007199254740993 ஐ ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், அதனால் நீளமான அடையாள எண்களை நான் ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்கிறேன், எண் ஃபார்மேட்டர் பக்கமே அனுப்புவதில்லை.