டிஸ்க் பிதுங்கிய பிறகு மீண்டும் ஓட்டம்: வெள்ளவத்தை இயன்மருத்துவ நிலையமொன்றில் பத்து அமர்வுகள்

சென்ற ஆண்டு ஒரு நாள் அதிகாலையில், சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்த இடத்திலேயே எனக்கு நாரி பிடித்துக்கொண்டது. இரண்டு நாட்களில் வலி இடது பிட்டத்தால் இறங்கிக் கெண்டைக்கால்வரை இழுத்தது. நாரி முள்ளந்தண்டின் கடைசி டிஸ்க், அதாவது எல்5-எஸ்1, பிதுங்கி நரம்பைத் தொடுவதாக எம்ஆர்ஐ அறிக்கை வந்தது. சத்திரசிகிச்சை தேவையில்லை என்று ஆறுதல் கூறிய வைத்திய நிபுணர், ஓட்டத்தை மட்டும் இனி மறந்துவிடச் சொன்னார். பதினொரு ஆண்டுகளாக ஓடிவந்த எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. நண்பர் ஒருவர் சொல்லித்தான் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள இந்நிலையத்துக்குச் சென்றேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் குறை வாசலிலேயே தொடங்குகிறது. முள்ளந்தண்டு நோயாளிகளுக்கான நிலையத்தை லிப்ட் இல்லாத கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் நடத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். கைபிடியைப் பற்றிக்கொண்டு ஏறி, மூச்சு வாங்க அமர்ந்தபோது ஒரு படிவத்தைத் தந்தார்கள். இருக்கையில் படும் பகுதி மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் மலத்தை அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ இருக்கிறதா, நடக்கும்போது பாதம் தொங்குகிறதா என்று அதில் கேட்டிருந்தது. ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் இங்கே காத்திருக்காமல் உடனே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குச் செல்லவேண்டும் என்று வரவேற்பாளர் வாயாலும் சொன்னார். முற்பணம் வாங்குவதற்கு முன்னர் இதைக் கேட்ட இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நான் நீட்டிய எம்ஆர்ஐ உறையை இயன்மருத்துவர் பிரிக்கவே இல்லை. “அண்ணா, படத்தைப் பிறகு பார்ப்பம், முதல்ல நுனிக்கால்ல நடந்து காட்டுங்கோ,” என்றார். நுனிக்காலிலும் பின்னர் குதிக்காலிலும் நடந்தேன். அதன்பின் ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தச் சொன்னபோது வலது கால் இருபது தடவை உயர்த்தியது. இடது கால் எட்டாவது தடவையில் நடுங்கித் தாழ்ந்துவிட்டது. கெண்டைத் தசையை இயக்கும் எஸ்1 நரம்பு நெருக்கப்பட்டிருப்பதை, படத்தைவிட அந்த எட்டு என்ற எண் எனக்குத் தெளிவாக உணர்த்தியது. வலியே இல்லாத இருபது வயதினரில்கூட ஏறத்தாழ 30 வீதமானோரின் படங்களில் டிஸ்க் புடைப்புத் தெரியும் என்றும், ஆகவே படத்துக்கல்ல, காலுக்கே சிகிச்சை என்றும் அவர் விளக்கினார்.

முதல் நான்கு அமர்வுகளில் ஓட்டம் என்ற பேச்சே எழவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் மக்கில் பரவலாக்கிய மூன்று பயிற்சிகளையே திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள்: நாரியின் இயல்பான வளைவு குலையாமல் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலைத் தாங்குவது, நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றிலும் பத்து விநாடி தாங்கினால் போதும். ஆனால் மூன்றாவதில் என் இடுப்பு சரிந்துகொண்டே இருந்ததால், முதுகின்மேல் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் குவளையொன்றை வைத்தார்கள். இரண்டு அமர்வுகளில் என் சட்டை நனைந்தது. மூன்றாவதில் நனையவில்லை.

ஐந்தாம் அமர்வில் ஓட்டப் பொறியில் ஏற்றினார்கள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்றுகள். அடுத்த நாள் ஓட்டமே இல்லை. நிமிடத்துக்கு 156 அடி வைத்து ஓடிவந்த என்னை, கைத்தொலைபேசியின் தாள ஒலிக்கேற்ப 166 அடிக்குப் பழக்கினார்கள். அடி குறுகியதும் பாதம் உடலுக்குக் கிட்ட விழ, தரை தரும் அதிர்ச்சி தணிவதை என்னால் உணர முடிந்தது.

கட்டணத்துக்குத் தகுந்தது எது என்று கேட்டால், பயிற்சிகளைவிட அவர்கள் தந்த நாட்குறிப்பு முறையையே சொல்வேன். ஓடும்போது உள்ள வலியை மட்டுமன்றி, மறுநாள் எழுந்ததும் வலி எதுவரை இறங்கியிருக்கிறது என்பதையும் எழுதவேண்டும். பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அடுத்த படிக்குப் போகலாம். நாரியில் சற்று வலித்தாலும் கெண்டைக்காலிலிருந்து மேலேறி வந்திருந்தால் அது நல்ல அறிகுறி. நாரி இலேசாகிக் கால் இழுத்தால் ஒரு படி பின்வாங்கவேண்டும். ஏழாம் வாரத்தில் உற்சாகமிகுதியால் காலிமுகத்திடலில் 5 கிலோமீற்றர் தொடர்ந்து ஓடினேன். அன்று எதுவும் தெரியவில்லை. மறுநாள் பக்கத்தில் ‘கணுக்கால்வரை’ என்று எழுதவேண்டியதாயிற்று. இரண்டு வாரம் பின்வாங்கினேன்.

நீண்டகாலம் ஓடுபவர்களின் டிஸ்க்குகள் ஓடாதவர்களுடையவற்றைவிட அதிக நீர்த்தன்மையுடன் இருந்ததாக, ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அது 25 முதல் 35 வயதுவரையான ஆரோக்கியமானவர்களிடம் செய்யப்பட்டது என்பதையும் அதே எழுத்தளவில் போட்டிருக்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. அமர்வுக்கு 3,500 ரூபாய் என்று முற்பதிவின்போது சொன்னவர்கள், இழுவைச் சிகிச்சைக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் தனியே 1,500 ரூபாய் என்று பற்றுச்சீட்டில்தான் காட்டினார்கள். இவ்வகை நோவுக்கு அவற்றால் பெரும் பயன் உண்டென்பதற்கு வலுவான சான்றில்லை. வேண்டாம் என்றதும் மறுபேச்சின்றி நீக்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தன. வெள்ளவத்தையில், வருவோரில் பாதிப்பேர் தமிழில் முனகும் இடத்தில், இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ தெரியவில்லை. சனிக்கிழமைகளில் நெரிசல் அதிகம். வார நாளில் மாலை நான்கு மணிக்கு முன்னர் சென்றால் இயன்மருத்துவரின் முழுக் கவனமும் கிடைக்கும்.

பத்தாவது அமர்வில் இடது கால் பதினேழு தடவை உயர்ந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் சுதந்திர சதுக்கத்துச் சமதரையில் 4 கிலோமீற்றர் ஓடுகிறேன். இரவில் நீர் ஊறித் தடித்திருக்கும் டிஸ்க்கை விடிந்ததும் மடக்கக்கூடாது என்று சொல்லித் தந்ததால், எழுந்து ஒரு மணித்தியாலம் கழித்தே வெளியே போகிறேன். சப்பாத்துக் கயிற்றை, காலைக் கதிரைமேல் தூக்கி வைத்துத்தான் கட்டுகிறேன்.