மஞ்சள் மாத்திரையா, தக்காளிக் குழம்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே, உறவினர் ஒருவர் மஞ்சள் சத்து மாத்திரைகளோடு வந்தார். பெரியம்மாவோ தக்காளியை நல்லெண்ணெயில் கரைய வதக்கிக் குழம்பு வைத்தார். இவ்விரண்டையும் ஒப்பிடுவது அன்று எங்களுக்கு அவசியமாயிற்று.

மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்தில் புரோஸ்டேட் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தூண்டும் ஆண் ஹார்மோன் ஏற்பியை அடக்குகிறது. ஆனால் மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 விழுக்காடுதான்; உண்டாலும் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும். மிளகின் பிப்பெரினைச் சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதால்தான் பல மாத்திரைகளில் மிளகுச் சத்து கலக்கிறார்கள். அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு அபாயமும் கூடலாம். தென்கொரியாவில் 2019இல் வெளியான சோதனையில், புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு நாளுக்கு 1440 மில்லிகிராம் குர்குமின் வீதம் ஆறு மாதம் கொடுத்தும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையை இடையில் நிறுத்தி வைக்கக்கூடிய காலம் நீளவில்லை.

தக்காளிக்குச் சிவப்பேற்றும் லைக்கோபீன், எண்ணெயில் சமைத்தால் நன்றாக உறிஞ்சப்பட்டு, புரோஸ்டேட் திசுவிலும் தங்குகிறது. தக்காளி உணவுகளை அதிகம் உண்ட ஆண்களுக்கு இந்நோய் குறைவாக வந்ததை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 1995இல் கண்டனர். அது நோய் வருமுன் உள்ள தொடர்பே தவிர, வந்த நோயைத் தீர்த்ததற்குச் சான்றன்று.

ஆகவே குழம்பு தொடர்ந்தது. மாத்திரைப் போத்தலை, திறக்காமலேயே, அடுத்த சந்திப்பில் மருத்துவரின் மேசைமீது வைத்தோம்.