பேட்டரியா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா: சில நேரம் மட்டும் எடுக்காத காருக்கு எது பொருத்தம்?

சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்கள் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்துபோகும் செட்டிநாட்டு வீடுகளில் கார் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கிறது. பிறகு சாவியைத் திருப்பினால் ஒருநாள் உடனே எடுக்கும். மறுநாள் ‘டிக்’ என்ற சத்தத்தோடு அடங்கிவிடும். அப்போது கிடைக்கும் யோசனைகள் மூன்று: பேட்டரியை மாற்றுவது, காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்ப்பது, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் மல்டிமீட்டரால் அளப்பது.

முதலாவதில் நியாயம் இல்லாமல் இல்லை. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து அதன் கொள்ளளவு குறைந்துவிடும். ஆனால் புது பேட்டரி போடும்போது கேபிள் இணையும் முனையான டெர்மினலும் சுரண்டப்பட்டு இறுக்கப்படுவதால், கோளாறு உண்மையில் அந்த இணைப்பில் இருந்திருந்தாலும் பெயர் பேட்டரிக்குப் போய்விடுகிறது. மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் மத்திய ஆய்வகம் இயங்கும் காரைக்குடியில், அளக்காமலே பேட்டரியைத் தூக்கிப்போடுவது சற்று வேடிக்கைதான்.

ஸ்கேனர், சென்சார் கோளாறுகளையும் சரியான சாவி இல்லாமல் எஞ்சினை எடுக்கவிடாத இம்மொபிலைசரின் சிக்கலையும் நன்றாகக் காட்டும். எஞ்சினைச் சுழற்றி எடுக்க வைக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் பூத்திருக்கும் அரிப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பழைய அம்பாசிடரில் அதைச் செருகவே இடமில்லை.

என் தேர்வு மல்டிமீட்டர்தான். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறை முக்கியம். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நலிந்த பேட்டரியும் ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரியக்கூடும். அந்தச் சரிவு இல்லாமலும் செல்ஃப் திணறினால், ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மீதும் (அதைக் கவ்வியிருக்கும் கேபிளின் கிளாம்பின் மீது அல்ல), மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் மீதும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அப்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரிலோ அதன் இணைப்பிலோ தடை இருக்கிறது. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் வரை அளந்தால் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். மின்தடையைக் காட்டும் ஓம் அளவை இங்கே நம்பக்கூடாது: கேபிளில் நான்கைந்து இழைகளே மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டியே காட்டும், நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃபுக்கோ அது போதாது. இந்த அளவுகள் வண்டி மறுக்கும் நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். நன்றாக எடுக்கும் வேளையில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

பேட்டரியும் கேபிளும் தேறிவிட்டன, இருந்தும் நின்ற வண்டி சார்ஜ் இழக்கிறது என்றால், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரியின் கம்பத்துக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளைப் பூட்டி, வண்டியின் கணினிகள் உறங்கும் வரை அரை மணி நேரம் காத்திருக்கலாம். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது. 50 மில்லிஆம்பியர் என்பது பொதுவாக ஏற்கத்தக்க உச்சம். அதுவே நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம் நின்றாலே எடுக்காமல் போகக் காரணம் அதுதான். மீட்டர் 50 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி, எதில் அளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தையும் கேமராவையும் முதலில் சந்தேகிப்பது நல்லது.