இசட்6-3, ஏ7-4, டி750: ரங்கூன் முகங்களுக்கு எது?

நிக்கான் இசட்6-3 கேமரா கைக்கு வந்ததும் செய்த முதல் வேலை, சோனி ஏ7-4, பழைய நிக்கான் டி750 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆளை ஒரே வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்ததுதான். மூன்றிலும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். இரண்டு நிக்கானும் என்னுடையவை. சோனி, கல்யாண வேலைகளுக்கு என்னோடு வரும் தம்பியுடையது.

மெகாபிக்சல் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். 2014இல் வந்த டி750க்கு 24.3, 2024இல் வந்த இசட்டுக்கு 24.5. பத்து ஆண்டில் நிக்கான் ஒன்றும் கூட்டவில்லையே என்று குறைப்படுவோர் உண்டு. 2021இன் சோனிக்கு 33. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் இசட் படம் 20 அங்குல அகலம் வரும், சோனி படம் 23ஐச் சற்றே தாண்டும். வரவேற்பறைச் சுவரில் மாட்டும் படத்தில் அந்த மூன்று அங்குலத்தைக் கேட்டு எந்த வாடிக்கையாளரும் என்னிடம் வந்ததில்லை.

அனோரதா சாலையில் காளியம்மன் கோயிலுக்கு அருகே, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. மணிவிழாத் தம்பதியும் பேத்தியும். ரங்கூன் நகர வீடுகளுக்கே உரிய அமைப்பு: நீளமாக, குறுகலாக, தெருப்பக்கத்துப் பால்கனியில் இருந்து மட்டும் வெளிச்சம். மழைக்கால வானம் என்பதால் ஒளி மென்மையாக இருந்தது. ஆனால் பத்தடி உள்ளே போனால் பாதி முகம் இருட்டில் மூழ்கிவிடும். தாத்தாவுக்கு வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி. பாட்டிக்கு அரக்குப் பட்டு. பேத்தியின் இரு கன்னங்களிலும் தனக்கா, அதாவது மரப்பட்டையை அரைத்துப் பூசும் பர்மியப் பூச்சு.

எங்கள் ஊரில் முகம் எடுப்பவனுக்குத் தனக்காதான் பரீட்சை. வட்டக்கல்லில் நீர் விட்டு அரைத்து எடுத்த பூச்சு ஈரமாக இருக்கும்போது தோலோடு ஒட்டி மங்கிய மஞ்சளாகத் தெரியும். காயக் காய வெளுத்துக்கொண்டே வரும். மாநிறக் கன்னத்தின் நடுவில் சுண்ணாம்பு வெளுப்பில் ஒரு வட்டம், அதில் சீப்பின் பல்லால் இழுத்த கோடுகள். வட்டத்துக்காக வெளிச்சத்தைக் குறைத்தால் நெற்றி கறுத்துப்போகும். நெற்றிக்காகக் கூட்டினால் கோடுகள் அழிந்து வெள்ளைத் தாள் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

இங்கேதான் இசட்டின் வ்யூஃபைண்டர், கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னத் திரை, என்னை மயக்கியது. 57.6 லட்சம் புள்ளிகள், சோனிக்கு 36.8 லட்சம். புள்ளிக் கணக்கைவிட முக்கியம் அதன் வெளிச்சம். பால்கனி ஓரத்தில் நின்று கண்ணை வைத்தபோது தனக்காக் கோடுகள் எந்த இடத்தில் கரையத் தொடங்குகின்றன என்பது உள்ளேயே தெரிந்தது. வெளிச்சத்தைச் சிறிது குறைத்தேன், கோடு திரும்பி வந்தது, அழுத்தினேன். சோனியில் அதே வேலைக்கு வரிக்கோட்டு எச்சரிக்கை இருக்கிறது. வெளுக்கும் இடத்தில் கோடுகள் ஊர்ந்து காட்டும். துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே கோடு போட்ட கன்னத்தின் மேல் இன்னொரு வரிசைக் கோடு ஓடும்போது நான் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அளவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். டி750இன் வ்யூஃபைண்டரில் திரை இல்லை, கண்ணாடி வழியே தெரிவது உண்மையான முகம், அந்த அழகு வேறு. என்ன, படம் எப்படி விழுந்தது என்று பின்பக்கத் திரையைக் குனிந்து பார்க்க வேண்டும். நான் நிமிர்வதற்குள் பேத்தியின் சிரிப்பு போய்விடும்.

“தம்பி, என்னைக் கறுப்பாகக் காட்டிவிடாதே” என்று பாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்தார். கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவதில் என்ன தவறு? சாம்பல் பூசியதுபோல் காட்டுவதுதான் தவறு. சுவர்ப் பச்சை நிழலில் சோனியின் தானியங்கி வண்ணம் பாட்டியின் தாடையோரம் லேசான பச்சை மஞ்சளை விட்டது. இசட்டில் ‘இயற்கை ஒளி’ வண்ணச் சமநிலையை வைத்தபோது தோலில் செம்மை நின்றது, பட்டின் அரக்கும் அரக்காகவே வந்தது. டி750 இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் சிவப்பை அதிகம் ஏற்றி. தோலை மென்மையாக்கும் வசதி புதிய இரண்டிலுமே உண்டு. தயவுசெய்து அணைத்து வையுங்கள். சுருக்கத்தோடு சேர்த்துத் தனக்காக் கோட்டையும் அது வழித்துவிடுகிறது.

கம்ப்யூட்டரில் போட்டதும் கதை திரும்பியது. தாத்தாவின் ஜிப்பாவைக் காப்பாற்றுவதற்காக இருட்டாக எடுத்த ரா கோப்புகளில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பவை) நிழல் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். சோனி சுத்தமாக எழுந்தது. இசட்டில் காதுக்குப் பின்னால் மணல் தூவியதுபோல் இரைச்சல். காரணம் சென்சாரின் அமைப்பிலேயே இருக்கிறது. படத்தை வேகமாகப் படித்தெடுக்கும் சுற்றுகளைச் சென்சாரின் மேல் கீழ் விளிம்புகளில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு விலையாகக் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியுணர்திறன் அளவில்) நிழல் விவரம் கொஞ்சம் போகிறது. படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒளியைச் செதுக்குபவர்களுக்கு சோனிதான் கேமரா.

நான் அப்படி உட்கார முடிவதில்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் இந்த ஊரில் வேலையே. வாடிக்கையாளரோ அன்று மாலையே வைபர் செயலியில் படம் வேண்டும் என்கிறார். அப்படியானால் கேமராவை விட்டு இறங்கும்போதே ஜேபெக் சரியாக இருக்க வேண்டும். எடுக்கும் நேரத்தில் இசட் வெல்கிறது, எடுத்த பிறகு சோனி வெல்கிறது. ரங்கூனில் எடுக்கும் நேரம் மட்டுமே என் கையில் இருப்பதால் என் ஓட்டு இசட்டுக்கு.

கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸில் புதிய இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தாத்தாவின் தடித்த கண்ணாடியில் பால்கனி பிரதிபலித்தபோது இசட் சில தடவை கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது, சோனி பெரும்பாலும் விழியிலேயே நின்றது. டி750க்கு 51 புள்ளிகள், எல்லாம் நடுவில் கூடிக் கிடக்கும். கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பிறகு சட்டகத்தை நகர்த்தும் பழைய வித்தை தெரிந்தவர்களுக்குத்தான் அது.

கோயிலுக்குள் பூஜை வேளையில் சத்தமில்லாமல் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோனியின் எலக்ட்ரானிக் ஷட்டர் மெதுவாகப் படிப்பதால் மலிவான எல்.இ.டி. விளக்கின் கீழ் முகத்தில் பட்டை பட்டையாக விழும். இசட் பல மடங்கு வேகம். பட்டை அறவே வராது என்று சொல்ல மாட்டேன், அரிதாக வரும்.

பேட்டரி விஷயத்தில் பழையவர் சிரிக்கிறார். தயாரிப்பாளர் கணக்குப்படி டி750 ஒரு சார்ஜில் 1,230 படங்கள். வ்யூஃபைண்டர் வழியே சோனி 520, இசட் வெறும் 360. ஆனால் டி750இன் பேட்டரியைக் கழற்றிச் சுவர் சார்ஜரில்தான் போட வேண்டும், சுவரில் கரண்ட் இருந்தால்! மற்ற இரண்டும் யூ.எஸ்.பி.-சி கம்பியில் பவர் பேங்கிலிருந்தே குடிக்கும். மின்வெட்டு ஊரில் 360 அவ்வளவு பயமுறுத்தவில்லை.

பயமுறுத்துவது மெமரி கார்டு. இசட்டின் இரண்டு துளைகளில் ஒன்று சி.எஃப்.எக்ஸ்பிரஸ் பி என்ற வேக வகை கார்டுக்கு, அதில் எஸ்.டி. போகாது. விலையும் அதிகம், அவசரத்துக்குக் கிடைக்கவும் கிடைக்காது. சோனியின் இரு துளையிலும் சாதாரண எஸ்.டி. போகும். அன்று தம்பியின் கார்டு நிறைந்ததும் கீழே மொபைல் கடைக்குப் போன் செய்தார். மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் கடைக்காரர் புதிய எஸ்.டி. கார்டைச் செருகிவிட, பேத்தி இழுத்தெடுத்தாள். பி வகை கார்டு அந்தக் கயிற்றில் ஏறி வரும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை நான் இரண்டாம் துளையின் எஸ்.டி.யை மட்டுமே நம்புகிறேன். உருவப்படத்துக்கு அந்த வேகம் போதும்.

எடையைப் பொறுத்தவரை, அந்தந்த நிறுவனத்தின் 85 மி.மீ. லென்ஸோடு சேர்த்து சோனி 1,029 கிராம், இசட் 1,230. மூன்று மாடி ஏறும்போது அந்த 200 கிராம் தெரிகிறது, எடுக்கும்போது தெரியவில்லை.

பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் பணம் கட்டுமுன் அதன் பெயரில் உள்ள கடைசி எழுத்தைப் பாருங்கள். 85 மி.மீ. எஃப் 1.8 ஜி என்றால் அடாப்டர் போட்டு இசட்டில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். இங்கே பலரிடம் இருப்பது டி வகை. அதற்குள் மோட்டார் கிடையாது, கேமராவின் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும், அது இசட்டிலும் இல்லை, நிக்கானின் அடாப்டரிலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எப்படியும் புதிய லென்ஸ் வாங்கத்தான் போகிறார்கள் என்றால், வெளி நிறுவன லென்ஸ்கள் அதிகம் கிடைக்கும் சோனிப் பக்கத்தையும் விலை கேட்டுவிடுவது நல்லது.