வேலிக்கால் முறிந்தால்: கான்கிரீட்டைப் பெயர்ப்பதா, விட்டுவைப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மரவேலிக்கால் முறிகிற இடம் பெரும்பாலும் தரைமட்டம்தான். மேலே வெயிலில் மரம் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் காற்று எட்டுவதில்லை. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த நான்கு விரற்கடையில் பூஞ்சை குடியேறுகிறது. கோடை மழை காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கும். "கான்கிரீட் போட்டால் மரம் அழுகாது" என்று அடித்துச் சொல்லும் மாமாக்கள் இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவுக்கு ஒருவர் உண்டு. கான்கிரீட் காலை அசையாமல் பிடிக்கும். அழுகலுக்கு அது தடையே அல்ல.

காலைக் கான்கிரீட் கட்டியோடு பெயர்ப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. 30 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள கட்டி ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். டர்பனின் பெரியா என்ற மேட்டுப்பகுதிச் செம்மணலில் ஒருபுறம் தோண்டிக் கடப்பாரையால் நெம்பினால் சாய்ந்து வந்துவிடும். களிமண்ணிலோ, மாமரத்து வேர் சுற்றிக்கொண்ட இடத்திலோ ஒருநாள் கூலியை விழுங்கிவிடும். பிறகு மிஞ்சும் குழி பழையதைவிட அகலம், சுற்றுமண்ணும் இளகியிருக்கும்; கூடுதல் கான்கிரீட் கேட்கும். கட்டி பிளந்திருந்தாலோ, கேட் தொங்கும் காலாக இருந்தாலோ இந்தப் பாடு தகும். மற்றபடி வீண் வேலை.

கட்டி உறுதியாக இருந்தால் என் வாக்கு, உள்ளே சிக்கிய அடிக்கட்டையை மட்டும் எடுப்பதற்கே. மேற்பகுதி கையோடு உதிர்ந்து வரும். ஏமாந்துவிட வேண்டாம்: அடியில் ஒரு சாண் மரம் இன்னும் பச்சை பாய்ந்து கெட்டியாக இருக்கும். நீண்ட டிரில்லால் விளிம்பை ஒட்டி நெருக்கமாகத் துளைகள் போட்டு, உளியால் பிளந்து எடுக்க வேண்டும். அல்லது நடுவில் பெரிய திருகாணியை இறக்கி, சங்கிலி மாட்டி, ஜாக்கியால் தூக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட குளிரில் மரம் சுருங்கியிருக்கும்; சற்று எளிதாக வரும்.

இதில் இரண்டு சிக்கல்கள். யூகலிப்டஸ் கம்பம் உருண்டையானது, ஒன்றுபோல் ஒன்று இராது. மரக்கடைக்குக் குழியின் அளவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம்: குழியின் அடி கான்கிரீட்டால் மூடியிருந்தால் அதைத் துளைத்து, நீர் வடிய வழிசெய்து, ஜல்லி போட்ட பிறகே புதுக்காலை நட வேண்டும். துளைக்க முடியாவிட்டால் இந்த வழியை மறந்துவிடுங்கள். பழைய கதையே திரும்பும். மேல்விளிம்பைக் கலவையால் வெளிப்புறம் சரிவாகப் பூசிவிட வேண்டும்.

பழைய கட்டியைத் தொடாமல், சற்றுத் தள்ளிப் புதுக்குழி தோண்டுவது எல்லாவற்றிலும் மலிவு. குறுக்குச் சட்டத்தை வெட்டி ஒட்டுப்போட வேண்டும். பார்வைக்கு அழகில்லை, அவ்வளவுதான். தெருப்பக்கம் வேண்டாம், கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால் என்றால் யார் பார்க்கப்போகிறார்கள்?

கட்டியின்மேல், காலின் அடியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் காலணியை போல்ட் போட்டு முடுக்கி அதில் காலை நிறுத்துவதும் உண்டு. இடுப்பளவு வேலிக்குச் சரி. ஆளுயரப் பலகை வேலியில் காற்று மோதினால் முழுச்சுமையும் அந்த போல்ட்டுகள்மீது விழும். கடலோர உப்புக்காற்றில் இரும்பின் ஆயுளும் குறைவு.

எந்த வழியானாலும் கம்பத்தின் முனையில், அழுகாமலிருக்க ஏற்றிய மருந்தின் வகுப்பைக் காட்டும் முத்திரையைப் பாருங்கள். மண்ணில் நடுவதற்கு எச் 4 வேண்டும். எச் 3 தரைக்கு மேலே நிற்கும் மரத்துக்கு உரியது. மருந்து மரத்தின் நடுவரை ஊறியிருக்காது. எனவே அறுத்த முனை மேலே, ஆலையிலிருந்து வந்த முனை மண்ணுக்குள். குரங்குகளை மட்டும் எந்தக் காலும் நிறுத்தாது.

பச்சைச் சாயல் உள்ள கம்பங்களில் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்கும். அந்தத் துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் நெருப்பிலோ, ஆடிக்கூழ் காய்ச்சும் அடுப்பிலோ போடக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.