உதவி பாரத்தில் ஐசி (அடையாள அட்டை) நம்பரை எழுதும் முன் இதைப் படியுங்கள்

கெடாவில் பீடோங், சுங்கை லாலாங், செமிலிங் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க. "இந்தியக் குடும்ப உதவிப் பதிவு" என்று ஒரு பாரம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை கூகுள் ஃபார்ம். 2023-ல் நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு எழுதி வாங்கினார்களே, அதே கேள்விகள், அதே வரிசை. அன்றைக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். செய்தவர்கள் யார் என்று பெயர் போடவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

கடைத்தெருவில் நகல் எடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ஐசி நகல், பள்ளி பாரம், டாப்-அப், பாஸ்போர்ட் படம், இவைதான் வியாபாரம். அந்த வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி கெடா உட்பட ஆறு மாநிலங்களுக்குச் சட்டமன்றத் தேர்தல். வேட்புமனு நாள் ஜூலை 29. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மேசை வந்தது. கட்சிக் கொடி இல்லை, ஒய்.பி. (தொகுதி உறுப்பினர்) படம் இல்லை. ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள், மடிக்கணினி, மரியாதையான பேச்சு. பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 500 வெள்ளி (ரிங்கிட்), பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் காலணியும் என்றார்கள். ஏதோ ஒரு சமூக நலச் சங்கத்தின் பெயர் பேனரில் இருந்தது. பாரத்தை நகலெடுக்க என் கடைக்கே வந்தார்கள். "பில்லை சங்கத்துக்கு அனுப்புங்க அண்ணே" என்றார்கள். அந்த 180 சொச்சம் வெள்ளி இன்னும் வரவில்லை. அதை விடுங்கள், அது என் பாடு.

பாரத்தில் கேட்டவை: முழுப் பெயர், ஐசி நம்பர், ஐசியின் இரு பக்க நகல், ஹேண்ட்போன் நம்பர், வீட்டில் உள்ள அத்தனை பேரின் ஐசி நம்பர், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மாத வருமானம், வங்கிக் கணக்கு எண். கடைசியாக ஒரு கேள்வி, அதற்கு மட்டும் நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்: "உங்கள் குடும்பத்தின் முக்கியப் பிரச்சினை என்ன?"

அந்த நாலு வரியில் நம் ஆட்கள் மனதைக் கொட்டினார்கள். லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், எங்கே போவது என்று ஒருவர். மகனுக்கு வேலை இல்லை, மோட்டார் கடன் கட்ட முடியவில்லை என்று இன்னொருவர். என் அம்மா தோட்டத்துக் கோயில் நிலத்தைப் பற்றிச் சொல்ல, மேசையில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள். அம்மா ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பால்வெட்டு. பாரம் முழுவதும் மலாய். "பாட்டி, இங்க ஒரு கையெழுத்து, பின்னால ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்று சொல்லி வாங்கினார்கள். பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் படித்துச் சொல்லவில்லை. பிறகு என் அக்கா மகள் படித்துச் சொன்னாள். அது சங்கத்துக்கு உறுப்பினர் விண்ணப்பம். விவரங்களை "ராக்கான் ஸ்ட்ராத்தேஜிக்", அதாவது வியூகப் பங்காளிகள், எனப்படுபவர்களுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்தப் பங்காளிகள் யார் என்று பாரத்தில் எங்குமே இல்லை.

500 வெள்ளி யாருக்கும் வரவில்லை. வந்தது வாட்ஸ்அப் செய்தி. வேட்புமனு முடிந்த கையோடு ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தேர்தல் நேரம், எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். ஒரு நாள் கடையில் நாலைந்து பேர் டாப்-அப் போட வந்தவர்கள் பேச்சுவாக்கில் போனை எடுத்துக் காட்டினார்கள். ஒரே வேட்பாளரின் படம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு செய்தி. வீட்டைப் பற்றி எழுதியவருக்கு, எதிர்க்கட்சி வந்தால் லயம் ஒரே மாதத்தில் இடிபடும் என்று. வேலை இல்லாத மகன் இருக்கும் வீட்டுக்கு, தொழிற்சாலையில் இடம் ஒதுக்கியாயிற்று என்று. அம்மாவுக்கு, கோயில் நிலத்துக்குக் குறி வைத்திருக்கிறார்கள், காப்பாற்ற எங்களால்தான் முடியும் என்று. அதில் பேரன் படிக்கும் பள்ளியின் பெயர்கூட இருந்தது. ஒருவருக்குக் காட்டும் பயத்தை இன்னொருவருக்குக் காட்டவில்லை. போன்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திராவிட்டால் எங்களுக்கு இது புரிந்தே இருக்காது.

சிலர் கேட்டார்கள்: வாக்காளர் பட்டியல்தான் எல்லாக் கட்சியிடமும் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்திருக்கலாமே? பட்டியலில் பெயர் இருக்கும், ஐசி நம்பர் இருக்கும், எந்த வட்டாரம் என்று இருக்கும். ஹேண்ட்போன் நம்பர் இருக்காது. பேரனின் பள்ளி இருக்காது. மனக்குறை கண்டிப்பாக இருக்காது. இல்லாத அந்த மூன்றையும் நிரப்பத்தான் அந்த மேசை. அதிலும் 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் முதல் தடவை ஓட்டுப் போடும் பிள்ளைகளை யார் எப்படிப் பிடிப்பது என்பதில் பெரிய போட்டி.

ஐசி நம்பர் வெறும் நம்பர்தானே என்று நினைக்காதீர்கள். முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கெடாவுக்கு 02. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வாயே திறக்காமல் உங்கள் வயது, ஊர், பாலினம் மூன்றையும் அது சொல்லிவிடும். பக்கத்தில் போன் நம்பரையும் வருமானத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

கெடாக்காரர்களான நமக்கு இது புதுசும் இல்லை. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற லண்டன் தரவு நிறுவனத்தின் விவகாரம் 2018 மார்ச்சில் உலகம் முழுவதும் வெடித்தது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான முகநூல் பயனர் விவரம் முறையில்லாமல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே பிறகு சொன்னது. அந்த நிறுவனம் தன் சாதனைகளில் ஒன்றாகத் தன் இணையத்தளத்தில் போட்டிருந்தது எதைத் தெரியுமா? 2013 பொதுத்தேர்தலில் கெடாவில் பாரிசான் நேசனல் கூட்டணிக்கு வேலை செய்ததை. 2008-க்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் நடந்த முன்னேற்றத்தை எடுத்துக்காட்டி, ஆள் பார்த்துச் செய்தி அனுப்பினோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அன்றைய அரசுத் தரப்பு அதை மறுத்தது. உண்மை எந்த அளவு என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் இப்படி ஒரு வியாபாரம் இருக்கிறது, அதில் கெடா ஒரு சரக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது. லண்டன் கம்பெனி வேண்டிய காலம் போய், இப்போது ஒரு மேசையும் நாலு பிள்ளைகளும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது அந்த முகநூல் பக்கம். நம் வட்டாரச் செய்தி போடுவதாகச் சொல்லும் ஒரு பக்கத்தில் அம்மாவும் மற்றவர்களும் வரிசையில் நிற்கும் படம் வந்தது. தலைப்பு, மாற்றத்துக்கு ஆதரவாகத் திரண்ட தோட்ட மக்கள்! படத்தை எடுக்கச் சொல்லி நான் மரியாதையாகத்தான் எழுதினேன். பதில் வந்தது: அவதூறு பரப்பினால் தொடர்பு பல்லூடகச் சட்டம் 233-ஆவது பிரிவில் போலீஸ் புகார் கொடுப்போம்.

அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 233-இல் அன்றைக்கு இருந்த தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2025 பிப்ரவரி 11 முதல் அதை 5 லட்சம் வெள்ளி, இரண்டு ஆண்டு என்று ஏற்றியிருக்கிறார்கள். உண்மையை எழுதினால் குற்றமாகாது என்று தெரிந்தவர்கள் தைரியம் சொல்கிறார்கள். சரி, ஆனால் போலீஸ் விசாரணை என்று வந்தால் கடையைப் பூட்டிவிட்டு அலையப் போவது நான்தானே. பெயர் போடாததற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கம் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2024-இல் திருத்தி, உச்ச அபராதத்தை 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் வெள்ளியாக்கினார்கள். 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு வாசல் திறந்து கிடக்கிறது. வணிகப் பரிவர்த்தனைக்காகக் கையாளும் விவரங்களுக்கு மட்டுமே இந்தச் சட்டம். கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது. என் கடையில் ஒருவர் ஐசி நகலை நான் எடுத்து வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது கொடுத்தால் என்னைப் பிடிக்கலாம். கோயில் மண்டபத்தில் மேசை போட்டவர்கள், நாங்கள் வியாபாரம் செய்யவில்லை, சேவை செய்தோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அம்மாவின் விவரத்தை வாங்கிப் போனவர்களை இந்தச் சட்டம் தொடுமா என்பதே சந்தேகம், அதைப் பற்றி வாய் திறக்கும் என்னை மற்றச் சட்டம் தொடலாம். இந்தக் கோணல் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இன்னொன்று. விவரம் வாங்கும்போது கொடுக்க வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழ் அதில் இல்லை. நம் பாட்டிமார்கள் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று யார் கவலைப்பட்டார்கள்?

அந்தப் பாரம் எழுதிய அத்தை ஒருவருக்குச் சில மாதம் கழித்து அழைப்பு வந்தது. பெயர், ஐசி, வங்கி எல்லாம் சரியாகச் சொல்லி, "உங்க உதவித்தொகை வந்திருச்சு ஆன்ட்டி, டிஏசி நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். வங்கி போனுக்கு அனுப்பும் அந்த ரகசிய எண்ணைச் சொன்னதும் 800 வெள்ளி போயிற்று. இது அந்தப் பாரத்தால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் ஹேண்ட்போன் எண்களின் விவரம் கசிந்த நாடு இது, எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம். எல்லாம்தான் கசிந்துவிட்டதே, இனி என்ன என்று சொல்பவர்களும் கடைக்கு வருகிறார்கள். அந்தப் பழைய கசிவில் உங்கள் மகனுக்கு வேலை இல்லை என்பது இல்லை.

அந்த முகநூல் பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 80 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 1-இல் விதி வந்தபோது, பேச்சுச் சுதந்திரம் போச்சு என்று அந்தப் பக்கத்தில் ஒரே கூச்சல். சில மாதம் கழித்து அதே பக்கம், எதிர்த்துப் பேசுபவர்களின் கணக்குகளை அரசு மூட வேண்டும் என்று எழுதியது. பழைய பதிவுகள் காணாமல் போயின. விதி நல்லதா கெட்டதா என்பதில் எனக்கே இரண்டு மனம். மோசடிக் கணக்குகளை யாராவது தட்டிக் கேட்கத்தான் வேண்டும், அந்தத் தடி நாளைக்கு யார் கையில் இருக்கும் என்பதுதான் பயம். ஆனால் இந்தப் பக்கத்துக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை, பணம் கொடுப்பவர் மாறியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முகநூலில் எந்தப் பக்கத்துக்கும் அது எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர் என்று பார்க்கலாம். நான் பார்த்தேன். நம் சமூகத்தின் காவலனாக இன்று பேசும் அந்தப் பக்கம், பிறந்தபோது பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் பக்கம். ஆள் சேர்ந்த பிறகு பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது வரும் கூகுள் ஃபார்மோடு இன்னொரு கயிறும் வரலாம். 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது, வயதை அடையாள ஆவணம் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார். இதைச் சாக்காக வைத்து, உங்கள் முகநூல் மூடப்படும், இந்த லிங்க்கில் ஐசி படத்தை ஏற்றுங்கள் என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். எதைச் செய்வதாக இருந்தாலும் அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் செய்ய வேண்டும், வாட்ஸ்அப் லிங்க்கில் இல்லை.

எஸ்டிஆர் (ரொக்க உதவித் திட்டம்) போன்ற அரசாங்க உதவிக்கு அதற்கென்று இருக்கும் அதிகாரத் தளமும் வருமான வரி வாரிய அலுவலகமும் உண்டு. கோயில் மண்டபத்து மேசையில் அது கிடைக்காது. எந்தச் சங்கம் உண்மையாகவே பை கொடுக்க வந்தாலும் பிள்ளையின் பெயரும் வகுப்பும் போதும், வங்கிக் கணக்கும் மனக்குறையும் எதற்கு? ஐசி நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். என் கடையில் கேட்டால் நானே போட்டுத் தருகிறேன், காசு இல்லை. உங்கள் ஐசியில் வேறு யாராவது பிரிபெய்டு சிம் வாங்கியிருக்கிறார்களா என்று தொலைபேசி நிறுவன முகப்பில் கேட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், அப்புறம்தான் போலீஸ் நிலையம்.

2023 பாரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், உறுப்பினர் பதிவை ரத்து செய்யவும் விவரங்களை அழிக்கவும் அந்தச் சங்கத்துக்கு எழுத மலாயில் ஒரு கடிதம் அக்கா மகள் தயார் செய்திருக்கிறாள். பெயரும் கையெழுத்தும் மட்டும் நீங்கள் போட்டால் போதும், ஐசி நம்பரில் கடைசி நாலு எண்ணுக்கு மேல் எழுத வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கடையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கடை இல்லை, மற்ற நாள் வாருங்கள். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் சாயங்காலம் வந்தால் நல்லது, படித்துக் காட்ட அப்போதுதான் நேரம் இருக்கும்.